மூன்றாவது பட்டையும் முப்பது குறைகளும்

வேலமரத்துக் கிளையில் பத்து ஜோடி பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தன. கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஆளுக்கு ஒரு ஜோடியாக, வரிசை பிசகாமல் தொங்கின. மரத்தடியில் பத்துப் பேர் அட்டென்ஷனில் நின்றார்கள். பட்டாளத்துத் தொப்பி, பட்டாளத்து அரைக்கால் சட்டை, கையில் பட்டாளத்துத் துப்பாக்கி. கால் மட்டும் அவர்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக் கால், வெறுங்கால்.

"நாயக்! இது எந்தா?" என்றார் சுபேதார்.

சுபேதார் பாலக்காட்டுக்காரர். கோபம் வந்தால் முதலில் தமிழ் அவரை விட்டுப் போகும், பிறகுதான் பொறுமை போகும். நாயக் என்பது நான்தான். சட்டைக் கையில் இரண்டு பட்டை தைத்திருக்கும்.

நான் பத்துப் பேரின் தலைவரான கருப்பசாமியிடம் போனேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். ஆனாலும் பட்டைக்கு மரியாதை கொடுத்து என்னை அண்ணே என்பார்.

"கருப்பசாமி, பூட்ஸ ஏன் மரத்துல கட்டுனீக?"

"அடியில ஆணி இருக்குண்ணே. ஒரு காலுக்குப் பதிமூணு. எண்ணிப் பாத்துட்டேன்."

"இருந்தா என்ன?"

அவர் சமையல் கூடாரத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்றே அர்த்தம் கேட்டிருந்தால் இந்த வாரம் பத்திரிகைக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டு மாதப் பட்டாளத்தான்

சீனச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்லும்படி பத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, அந்த வருஷம் சிவகாசியில் மழையே இல்லை, வெடியெல்லாம் நன்றாகக் காய்ந்தது, தீபாவளி அமோகம். இதைவிட உறுதியாக எனக்குத் தெரியாது.

நான் இருந்தது டெரிட்டோரியல் ஆர்மி. வருஷத்தில் இரண்டு மாதம் பட்டாளம், மீதிப் பத்து மாதம் அவனவன் பிழைப்பு. என் பிழைப்பு விருதுநகர் மிளகாய் மண்டியில், சாக்கு மூட்டைகளின்மேல் மார்க் எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் கையெழுத்துதான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

மண்டி என் தாய்மாமனுடையது, வீடு அதன் பின்கட்டில். மாமாவுக்கு ஒரே மகள், செண்பகம். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அவளுக்கு என்மேல் ஆசை உண்டா என்று தெரியாது, ஏனென்றால் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். மாமாவிடம் ஆள் விட்டுக் கேட்டதற்கு வந்த பதில் இது:

"இன்னும் ஒரு பட்டை வரட்டும். ரெண்டு பட்டைக்காரனுக்குக் குடுத்தேன்னு சொன்னா சம்பந்தக்காரங்க மத்தியில எனக்கு என்னலே மரியாதை?"

மூன்று பட்டை என்றால் ஹவில்தார். ஆக, ஒரு துண்டுத் துணிதான் எனக்கும் செண்பகத்துக்கும் நடுவில் நின்றது.

ஆள் பிடித்த கதை

விருதுநகருக்கு வெளியே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டிய கரிசல் பொட்டலில் எங்கள் முகாம். எங்கள் கம்பெனியில் இருக்க வேண்டிய ஆளில் பாதிதான் இருந்தோம். ஒருவன் ரயில்வேக்குப் போனான், ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவன் யாரிடமும் சொல்லாமல் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தவர்கள் தலைக்கு இரண்டு வேலை பார்த்தோம். முடிவெட்டுகிறவரே தபால் கொண்டு வருவார். பியூகிள் ஊதுகிறவனே வெங்காயமும் நறுக்குவான். நறுக்கிவிட்டு நேரே வந்து ஊதினால் கன்னத்தில் கண்ணீர் வழியும். புதிதாக வந்தவர்கள் அதை தேசபக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

காவலுக்கும் ஒரே ஆள்தான். அந்த ஓர் ஆளே தோட்டாப் பெட்டிகளையும் காக்க வேண்டும், சமையல் கூடாரத்துச் சீனி மூட்டையையும் காக்க வேண்டும். இரண்டில் எது அதிகம் களவு போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் சுபேதார் இரண்டு கூடாரங்களையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லிவிட்டார். என்ன மூளை, என்ன மூளை என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

முகாம் முடிவதற்குள் கர்னல் பார்வையிட வருவார். ஆள் போதாது என்று கண்டால் கம்பெனியைக் கலைத்து மதுரையோடு சேர்த்துவிடுவார். சுபேதார் என்னைக் கூப்பிட்டார். "ஒரு செக்‌ஷனுக்கு பத்து ஆள் கொண்டுவா. டிரில் சரியாக வந்தால் மூன்றாவது பட்டைக்கு நான் எழுதுகிறேன்."

தீபாவளி முடிந்த கையோடு பட்டாசுக் கம்பெனிகளில் வேலை இருக்காது. நான் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். டீக்கடை வாசலில் கருப்பசாமியும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு வேளையும் சோறாண்ணே?"

"மூணு வேளையும்."

"கறி?"

"வாரத்துக்கு ரெண்டு தரம்."

"வேலை என்ன?"

"நடக்கணும்."

"எங்க போகணும்?"

"எங்கயும் போக வேண்டாம். அங்கனக்குள்ளயே நடக்கணும்."

அவர்கள் கூடிப் பேசினார்கள். இம்புட்டு நல்ல வேலையை ஏன் இத்தனை நாள் மறைத்து வைத்தார்கள் என்று சந்தேகம் வந்ததே தவிர, வேறு தடை சொல்லவில்லை. மறுநாளே பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்.

பருப்பில் கிடந்த கல்

பட்டாளத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். சிப்பாய்க்குச் சோறு இல்லாவிட்டாலும் ஒரு வேளை தாங்குவான். முணுமுணுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அரை நாள் தாங்கமாட்டான். பருப்பு தண்ணீர், கம்பளி கடிக்கிறது, டீயில் புகை நாற்றம் என்று விடிந்ததிலிருந்து படுக்கிறவரை ஓயாமல் ஓடும். ஒருநாள் பருப்பு நன்றாக அமைந்துவிட்டது. அன்று முழுக்க எல்லோருக்கும் முகமே சரியில்லை.

ஆனால் அதிகாரி வந்து "கோயீ ஷிகாயத்?" என்று கேட்டால், அதாவது ஏதாவது குறை உண்டா என்று கேட்டால், அத்தனை வாயும் சேர்ந்து இல்லை ஐயா என்று ஒரே பதில்தான் சொல்லும். "நஹீ சாப்!"

என் முதல் முகாமில் ஒரு கேப்டன் பந்திக்கு வந்தார். ஒரு கரண்டிப் பருப்பை வாயில் விட்டார். கடக் என்று ஒரு சத்தம். கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்ட, "கோயீ ஷிகாயத்?" என்றார். "நஹீ சாப்!" என்றோம். மனுஷன் கல்லை விழுங்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார், அவரும் நஹீ சாப்தானே சொல்ல வேண்டும்.

ஆகவே ஆட்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இந்தப் பாடத்தைத்தான். டீ நேரத்தில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

"அப்பிடின்னா என்னண்ணே அர்த்தம்?" என்றார் கருப்பசாமி.

குறை கேட்கிறார்கள் என்று சொன்னால் இவர்கள் நிஜமாகவே எதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது? "அது வணக்கம் மாதிரி. அவரு அப்பிடிச் சொன்னா நாம இப்பிடிச் சொல்லணும்" என்றேன்.

பத்துப் பேரும் "நஹீ சாப்" என்று வாய் நிறையக் கத்தினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆணியும் அடுப்பும்

குறையெல்லாம் காலில்தான். சுபேதார் போட்ட சத்தத்தில் பூட்ஸ் மரத்தை விட்டு இறங்கிக் காலுக்கு வந்தது. ஆனால் ஓங்கி மிதிக்க வேண்டிய இடத்தில் முட்டைமேல் வைக்கிறாற்போல் வைத்தார்கள். "ஏக், தோ!" என்றால் தரை அதிர வேண்டாமா? என் கால் சத்தமும் சுபேதார் கால் சத்தமும் மட்டும் கேட்டது. துப்பாக்கியைக் கீழே ஊன்றச் சொன்னால், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் வைத்தார்கள்.

கருப்பசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, அடுப்புல வேலமுள்ளு போட்டு எரிக்காக. பொறி எம்புட்டுத் தூரம் பறக்குதுன்னு பாருங்க. காத்து தோட்டாக் கூடாரத்துப் பக்கமாத்தான் அடிக்குது. அத அங்கன வச்சுக்கிட்டு இங்கன நாங்க பொறி கெளப்புற இரும்பு ஆணியப் போட்டு ஒதைக்க மாட்டோம். மொதல்ல பெட்டிய எடம் மாத்தச் சொல்லுங்க."

"நம்ம மிதிக்கிறதுக்கெல்லாம் தோட்டா வெடிக்காது கருப்பசாமி."

"அது தெரியாதுண்ணே. பொறி விழுந்தா வெடிக்குமா, வெடிக்காதா?"

வெடிக்கும்தான். ஆனால் கூடாரம் சுபேதார் போட்ட இடம். அவர் மூளையைக் குறை சொன்ன வாயோடு அவரிடமே போய்ப் பட்டை கேட்க முடியுமா? "பாப்போம்" என்றேன். மறுநாளும் வந்து சொன்னார். "பாப்போம்." மூன்றாம் நாளும் பாப்போம். செண்பகத்தின் முகம்தான் என் கண்ணில் நின்றதே தவிர, பொறி ஒன்றும் படவில்லை.

வேலமரத்தடி தர்பார்

கர்னல் வந்தார். வடக்கத்திக்காரர், நல்ல உயரம், கத்தரித்த மீசை. பரேடில் பழைய ஆட்கள் மிதித்தபோது புழுதி கிளம்பியது. என் செக்‌ஷன் போனபோது கொக்குக் கூட்டம் நடந்ததுபோல் அமைதி. கர்னலின் ஒரு புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. 

பிறகு தர்பார், அதாவது குறை கேட்கும் கூட்டம். கர்னல் நாற்காலியில், நாங்கள் தரையில். சொல்வதைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார். "எங்கள் நாயக்குக்குக் கையெழுத்து நன்றாயிருக்கும்" என்று சுபேதார் என்னை முன்னால் இழுத்து, கையில் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தார்.

"கோயீ ஷிகாயத்?"

"நஹீ சாப்!" என்று கம்பெனியே முழங்கியது. என் பத்துப் பேர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

கர்னல் எழுந்திருக்கவில்லை. அந்தப் பத்துப் பேரையே பார்த்தார். புதிய ஆட்களுக்கு ஹிந்தி புரிந்திருக்காது, அவர்கள் பாஷையில் கேளுங்கள் என்று சுபேதாரிடம் சொன்னார்.

சுபேதார் திரும்பி, "ஏதும் குறை உண்டா? சொல்லு" என்றார்.

அட கடவுளே! தமிழில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்க்கவே இல்லையே!

பத்துப் பேரும் எழுந்து வட்டமாக நின்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் அன்றைக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இவர்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் சாயந்தரம் அறையைப் பூட்டுமுன் போர்மேன் வாசலில் நின்று "குறை சொல்லு" என்பாராம். கதவோரத்து ஆளில் தொடங்கி ஒவ்வொருவரும் மூன்று குறை சொல்ல வேண்டும். முதலில் தன் குறை, அடுத்துப் பக்கத்து ஆள் குறை, கடைசியில் இடத்துக் குறை. மருந்து சிந்தியிருந்தால் சிந்தியது என்று சொல்லியாக வேண்டும், மறைத்தால் மறுநாள் அறையே இருக்காது. சொன்னவனுக்குத் திட்டு கிடையாது, சொல்லாதவனுக்கு வேலை கிடையாது. ஒருவன் குறையே இல்லை என்றால், "குறை இல்லேங்கிறவன் மடியப் பாரு" என்று வேட்டியை உதறிப் பார்ப்பார்களாம். தீப்பெட்டியோ பீடியோ இருக்குமாம்.

முதல் ஆள் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். "ஏங் குறை, நேத்து ரொட்டி ரெண்டு கூட எடுத்துட்டேன். பக்கத்தாள் குறை, கொறட்டை. எடத்துக் குறை, கக்கூசுக்குக் கதவில்ல."

கர்னல் சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் ஹிந்தியில் சொன்னார். "லிக்கோ" என்றார் கர்னல் என்னிடம். எழுது என்று அர்த்தம். எழுதினேன்.

"ஏங் குறை, காவலுக்கு நின்னப்ப ஒறங்கிட்டேன்" என்றான் அடுத்தவன். எழுதினேன்.

மூன்றாவது ஆள்: "ஏங் குறை, எனக்கு எடது எது, வலது எதுன்னு இன்னும் பிடிபடல. பக்கத்தாளப் பாத்துத்தான் திரும்புறேன். பக்கத்தாள் குறை, அவனுக்கும் தெரியல."

இன்னொருவன்: "எடத்துக் குறை, குளிக்கிற எடத்துல சுபேதாரு ஐயா பாடுறாக. காலையில பயந்து முளிக்கோம்." இதைச் சுபேதார்தான் மொழிபெயர்க்க வேண்டும். என்ன சொன்னாரோ தெரியாது, கர்னல் சிரிக்கவில்லை. ஹிந்தி தெரிந்த பழைய ஆட்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

கடைசியில் கருப்பசாமி.

"ஏங் குறை, பூட்ஸ மரத்துல கட்டச் சொன்னது நாந்தான். பக்கத்தாள் குறை..." என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பகை இல்லை. சிந்திய மருந்தைக் காட்டுகிற பார்வை அது. "நாயக் அண்ணன்கிட்ட மூணு நாளாச் சொல்றேன், பாப்போம் பாப்போம்னாரு. இந்திச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டோம், வணக்கம்னாரு, இப்பத்தான வெளங்குது. நல்ல மனுசன், மூணாவது பட்டை மேல கண்ணு. எடத்துக் குறை, அடுப்புப் பொறி தோட்டாக் கூடாரத்து மேல விழுது. துணியில ஏளு ஓட்டை இருக்கு. நேத்து அஞ்சுதான் இருந்துச்சு."

சுபேதார் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கர்னல் எழுந்து நடந்துவிட்டார். அடுப்பில் அப்போதும் வேலமுள் படபடவென்று எரிந்துகொண்டிருந்தது. கர்னல் கூடாரத் துணியில் இருந்த ஓட்டையில் விரலை விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்தது. அவர் முகம் வெளுத்தது. நானும் அந்த ஓட்டை வழியே பார்த்தேன், தோட்டாப் பெட்டி தெரிந்தது.  கம்பெனியே அந்தப் பொட்டலில்தான் படுத்து எழுந்தது.

அரை மணி நேரத்தில் பெட்டிகள் பொட்டலின் மறுகோடிக்குப் போயின. கர்னல் திரும்பி வந்து உட்கார்ந்து, எழுதியதைப் படிக்கச் சொன்னார். முப்பது குறையையும் படித்தேன். "நாயக் மூன்று நாளாகச் சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாவது பட்டைமேல் கண்" என்பதும் என் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. 

"யார் அந்த நாயக்?"

"நான்தான், சாப்."

கர்னல் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது பட்டை வரவில்லை. அதற்குப் பதிலாக, முகாம் முடிகிறவரை சமையல் கூடாரத்துக்குத் தனிக் காவல் என்று உத்தரவு வந்தது. காவலாள் நான். ஒரு சீனி மூட்டையை இரண்டு பட்டையோடு இரவும் பகலும் காத்த நாயக் இந்த தேசத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கம்பெனியைக் கலைக்கவில்லை. அந்த முப்பது குறையையும் கர்னல் மேலே அனுப்பி, ஆள் பற்றாமல்தான் இத்தனையும் என்று எழுதினாராம். மதுரையிலிருந்து ஆள் வந்தது. கருப்பசாமிக்கு ஒரு பட்டை கிடைத்தது.

மறுநாள் காலைப் பரேடில் அந்தப் பத்துப் பேரும் மிதித்தார்களே ஒரு மிதி! ரயில் வருகிறதோ என்று ரயில்வே கேட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

மண்டியில் தும்மல்

முகாம் முடிந்து மண்டிக்குப் போனேன். வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். உத்தரவு மெட்ராஸிலிருந்து வர வேண்டும், தை மாதம் வந்துவிடும் என்று.

"வாலே சங்கரா. சாப்பிட்டியா?" என்ற மாமாவின் கண் நேரே என் சட்டைக் கைக்குப் போனது. "ரெண்டுதான இருக்கு?"

வாயைத் திறந்தேன். தும்மல் வந்தது. வத்தல் மண்டியில் அது சகஜம். தும்மி முடித்தபோது தயார் செய்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழு ஓட்டை விழுந்த கூடாரத் துணிதான் கண்ணில் வந்தது. அடுப்பு, பாப்போம், வணக்கம், சீனி மூட்டை என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல, செண்பகம் கைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்தது.

மாமா கையிலிருந்த வத்தலைச் சாக்கில் போட்டார். "ஏலே, ஒம் மேல சொன்ன குறைய நீயேவா எழுதுன?"

"ஆமா மாமா."

"நீயே வாசிச்சியா?"

"ஆமா மாமா."

உள்ளே பாத்திரம் உருண்டது. அதோடு ஒரு சிரிப்பு. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு. செண்பகம் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சிரிப்புக்காக இன்னும் நாலு சீனி மூட்டையைக் காக்கலாம் என்று தோன்றியது.

மாமா உள்பக்கம் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா இந்த மண்டியில இருக்கேன். ஏம் மூட்டையில சண்டு, சொத்தை வத்தல் கெடக்குன்னு தானா வந்து சொன்ன யாவாரிய நான் கண்டதில்ல. போ, ஒங்க அம்மாவ வரச் சொல்லு."

தை மாதம் கல்யாணம். கருப்பசாமி பத்துப் பேரோடும் வந்திருந்தார். காலணியைப் பந்தலுக்கு வெளியே கழற்றிவிட்டு, அடுப்பு எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அங்கேதான் அவர் புதுப்பெண்ணுக்கு அந்தச் சாயந்தர வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும். செண்பகம் முதன்முதலாகத் தனியாகச் சமைத்தாள். குழம்பில் உப்பே இல்லை. நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

"கொளம்புல எதும் குறை இருக்கா?" என்றாள்.

கர்னலுக்கு முன்னால் முப்பதையும் எழுதிய கைதான். மாமாவுக்கு முன்னால் அத்தனையும் சொன்ன வாய்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பழைய பட்டாளத்தான் முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல. நல்லாருக்கு."

செண்பகம் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்திரிங்க. மடிய ஒதறுங்க."

உதறினேன். வரும் வழியில் முன்ஜாக்கிரதையாக வாங்கிய சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் கீழே விழுந்தது.